முதுகுக்குப் பின்னே சூரியன்

கம்ப்யூட்டர் திரையில் ஒரு நாற்காலி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கத்திரி அதற்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா காபி டம்ளரோடு வந்து பின்னால் நின்றாள். "இது என்னடி, பேய் உக்கார்ற நாற்காலியா?"

"ஃபர்னிச்சர் கடைக்காரர் பண்ற கூத்தும்மா. கீழே நிழல் அழுக்கு மாதிரி தெரியுது, எடுத்துடுங்கன்னார். எடுத்துக் குடுத்தேன். இன்னிக்குக் காலையில போன் பண்றார், 'என்னங்க, என் நாற்காலி மிதக்குதே'ன்னு."

"அதனால?"

"அதனால, நேத்து அழிச்சதை இன்னிக்கு வரையறேன்."

"நல்ல பிழைப்புடி உனக்கு."

வீடு அமைதியாக இருந்தது. கத்திரியின் வீட்டுக்காரர் ஆபீஸுக்குப் போய்விட்டார். துணி துவைக்கும் இயந்திரம் மட்டும் பின்கட்டில் தனக்குத்தானே முனகிக்கொண்டிருந்தது. அம்மா டம்ளரை வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அந்த உட்காரலைப் பார்க்கக் கத்திரிக்குப் பிடிக்கவில்லை. போன வாரத்திலிருந்து அம்மா இப்படித்தான் உட்காருகிறாள், யாருக்கோ பக்கத்தில் இடம் விட்டு.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அம்மா திடீரென்று சொன்னாள்: "அவர் முகம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆபீஸ் அட்டையில வேற இருக்கு. அவர் நிக்கிற விதம்தான் மறந்துக்கிட்டே வருது. முழுசா நிக்கிற மாதிரி ஒரு படம் இருந்தா குடுங்க."

கிடையாது. வீட்டில் படம் எடுத்தவரே அப்பாதான். எல்லாப் படத்திலும் எல்லாரும் இருந்தார்கள், அவரைத் தவிர.

"அவர் நிழலாவது இருந்துச்சு," என்றாள் கத்திரியின் அக்கா, பெரியவள். "அதையும் இந்தக் கத்திரி வெட்டி எறிஞ்சுட்டா."

அது பொய்யில்லை. அப்பாவும் அம்மாவும் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தாகிவிட்டதே என்று ஆல்பங்களைப் பழைய பேப்பரோடு போட்டவள் கத்திரி. ஸ்கேன் செய்த படங்களின் கீழ்ப்பக்கத்தில் கருப்பாக விழுந்திருந்த நிழலை ஒன்றுவிடாமல் வெட்டி, வெட்டினதையே பழையதின் மேல் சேமித்தவளும் அவள்தான். போட்டோ தொழிலில் இறங்கிய புதிது. நிழல் விழுந்தால் தப்பு என்று படித்திருந்தாள்.

சின்ன வயதில் கையில் கிடைத்ததையெல்லாம் வெட்டுவாள் என்று பெரியவள் வைத்த பேர்தான் கத்திரி. அன்றைக்கு அந்தப் பேரையே பெரியவள் வேறு குரலில் சொல்லிவிட்டு எழுந்துபோனாள். அப்புறம் போனும் இல்லை, பேச்சும் இல்லை. பெரியவள் பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறவள், தன் வாயைப் பூட்டிக்கொண்டுவிட்டாள்.

கத்திரி நாற்காலியின் நாலாவது காலுக்கு நிழல் போடும்போது போன் அடித்தது.

"மேடம், உங்க வெப்சைட்டைப் பார்த்தீங்களா?"

வக்கீல். போன மாதம் படம் எடுத்துக்கொண்டவர். கோட்டும் டையுமாகக் கம்பீரமாக வந்த அந்தப் படத்தைக் கத்திரி தன் வெப்சைட்டின் முகப்பிலேயே போட்டிருந்தாள்.

"இல்லையே சார், என்ன ஆச்சு?"

"என் அரை டிராயர் தெரியுது மேடம்!"

கத்திரிக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு வெயில். இடுப்புக்கு மேலேதானே என்று வக்கீல் கோட்டை மட்டும் மாட்டிக்கொண்டு, கீழே வீட்டு டிராயரும் ரப்பர் செருப்புமாக நின்றார். அவள் முழுதாக எடுத்து, வெப்சைட்டில் ஏற்றும்போது இடுப்பு வரை மட்டும் தெரியும்படி ஃப்ரேம் போட்டுவிட்டாள். அடியில் இருப்பது முழுப் படம்தான். ஃப்ரேம் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது.

இப்போது ஃப்ரேம் இல்லை. முழங்கால்கள் இரண்டும் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"எதிர்த்தரப்பு வக்கீல் எனக்கே ஃபார்வர்ட் பண்றான் மேடம். கீழே என்ன எழுதியிருக்கான் தெரியுமா? 'வாதம் காற்றோட்டமா இருக்கு'ன்னு."

"சார், ஒரு நிமிஷம்..."

அம்மா எட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். அம்மா வேலையில் இருந்த காலமெல்லாம் டெலிபோன் ஆபரேட்டர். அந்தக் குரல் இன்னும் தொண்டையில் பத்திரமாக இருந்தது. "தயவுசெஞ்சு லைன்ல இருங்க சார். உங்க புகாரைப் பதிவு செஞ்சாச்சு. சம்பந்தப்பட்டவர் இப்பவே உங்களைக் கூப்பிடுவார்." வைத்துவிட்டாள்.

"யாரும்மா சம்பந்தப்பட்டவர்?"

"வேற யாரு? ஒயர்தான்."

ஒயர் என்பது தம்பி. அவன் கையில் எப்போதும் ஏதாவது ஒரு ஒயர் இருக்கும். அக்காவின் வெப்சைட்டைக் கட்டியவனும் அவன், காப்பவனும் அவன், கெடுப்பவனும் பெரும்பாலும் அவனே.

"டேய், என்னடா பண்ணித் தொலைச்சே?"

"ராத்திரி சைட்டை அப்டேட் பண்ணேன்கா. ஃப்ரேம் எல்லாம் கழண்டுடுச்சு போல. சர்வர்ல இடமும் ரொம்பிடுச்சு, அதான் மூலகாரணம்."

"வக்கீல் கால் தெரியுதுடா."

"பார்த்தேன். நல்ல கால்தான்."

"டேய்!"

"கவலையை விடு. ஒரு வழி இருக்கு. எல்லாப் படத்தையும் ஃப்ரேம் அளவுக்கே வெட்டி வெச்சுட்டு, முழுப் படத்தைத் தூக்கிடறேன். இடமும் கிடைக்கும், இனிமே கழண்டாலும் கால் தெரியாது. தானா ஓடுற மாதிரி எழுதிட்டேன். ஓட விடட்டுமா?"

"விடு விடு. வக்கீலுக்கு முதல்ல போன் பண்ணிச் சமாதானம் சொல்லு."

போனை வைத்துவிட்டு, வேறு எந்தெந்த மானம் போயிருக்கிறது என்று பார்க்கக் கத்திரி வெப்சைட்டைத் திறந்தாள். கேக் கடைப் படத்தில் கேக்குக்குப் பக்கத்தில் குப்பைக்கூடை. யோகா டீச்சருக்குப் பின்னால், அவரைப் பிடித்துக்கொண்டிருந்த கணவரின் கை. ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவள், 'நான் வந்த வழி' என்ற பக்கத்தைத் திறந்தாள். தொழில் தொடங்கிய புதிதில் தம்பி போட்டுக்கொடுத்த பக்கம். பழைய குடும்பப் படங்கள். திறந்தே பல வருஷம் ஆகியிருக்கும்.

சிரிப்பு நின்றுவிட்டது.

முதல் படம். பூங்கா. பெரியவளுக்கு ரெட்டைப் பின்னல், கத்திரிக்கு ஒரு பல் இல்லை. இரண்டு பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் காலடியிலிருந்து புல்தரையில் நீளமாக, முழுசாக, ஒரு மனிதர் நிற்கிறார்.

இரண்டு முழங்கையும் சிறகு மாதிரி விரிந்திருக்கிறது. தலை லேசாகச் சாய்ந்திருக்கிறது. ஒரு கால் மடங்கியிருக்கிறது.

அப்பா.

கேமரா வாங்கிய பெட்டியில் ஒரு தாள் இருந்ததாம். 'படம் எடுக்கும்போது சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னே இருக்கட்டும்' என்று முதல் வரி. லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, தாளில் போட்டிருந்தால் அதுதான் அப்பாவுக்குச் சட்டம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கே போனாலும் முதலில் சூரியனைத் தேடுவார். அப்புறம் பிள்ளைகளை அதற்கு நேரே நிறுத்துவார்.

"கண்ணைத் திற."

"வெயில் குத்துதுப்பா."

"குத்தட்டும். குத்தினாத்தான் படம் பளிச்சுன்னு வரும். ஒண்ணு... ரெண்டு..."

மூன்று என்று அவர் சொன்னதே கிடையாது. மூன்று சொன்னால் பிள்ளைகள் மூஞ்சியைக் கோணலாக்கும் என்று இரண்டிலேயே அமுக்கிவிடுவார். அதனால் அந்த வீட்டுப் படங்களில் எல்லாருமே எதற்கோ காத்துக்கொண்டிருப்பார்கள்.

"அம்மா!" கத்திரி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அம்மா, இங்க வா. அப்பா."

"என்னது?"

"அப்பா நிக்கிறார்மா. வா, சீக்கிரம் வா."

அம்மா எழுந்தாள். கண்ணாடியைத் தேடினாள். கண்ணாடி தலையில் இருந்தது. அது தெரிந்து, இறக்கி மாட்டி, மேஜையைப் பிடித்துக்கொண்டு வந்து குனிவதற்குள், படம் இன்னும் தெளிவாக வரட்டுமே என்று கத்திரி பக்கத்தை ஒரு முறை புதுப்பித்தாள்.

படம் மறுபடி வந்தது. ரெட்டைப் பின்னல், ஓட்டைப் பல். முழங்காலோடு படம் முடிந்துவிட்டது.

"எங்கடி?"

"இங்க... இப்பதாம்மா... இங்கதான் இருந்தார்."

அம்மா திரையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். அந்தக் கழற்றலைப் பார்த்துத்தான் கத்திரிக்குப் பொறி தட்டியது. ஓடிக்கொண்டிருக்கிறது! தம்பி எழுதிவைத்த புரோகிராம் ஓடுகிறது. முழுப் படங்களை வெட்டி வெட்டித் தூக்கிக்கொண்டே வருகிறது.

தம்பிக்குப் போன் போட்டாள். பிஸி. மறுபடி போட்டாள். பிஸி. அடுத்த படத்தைத் திறந்தாள். அப்பா இருந்தார். படத்தைப் பிடித்துவைக்கப் போனவள் பதற்றத்தில் மறுபடி புதுப்பித்தாள். இல்லை.

"லைன் கிடைக்கலம்மா! பழசை எல்லாம் அழிச்சுக்கிட்டே வருது! ஐயோ, வக்கீலோட பேசுன்னு நானே சொன்னேனே!"

"அப்ப வக்கீலுக்குப் போடு."

"அவர் இவனோட பேசிக்கிட்டுதானேம்மா இருக்கார்?"

"செல்லுல பேசுறார். ஆபீஸ் மேஜையில போன் இல்லாத வக்கீல் உண்டா? ஒரு முனை அடைச்சிருந்தா மறுமுனையில நுழையணும். காலமெல்லாம் நான் வேற என்னத்தைப் பண்ணேன்? நம்பரைக் குடு இங்க."

அம்மாவே அழுத்தினாள். இரண்டாவது மணியில் வக்கீலே எடுத்துவிட்டார். இன்னொரு போனில் யாரையோ வறுத்தெடுக்கும் சத்தமும் கூடவே வந்தது. கத்திரி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சார், நான் போட்டோக்காரி. உங்க இன்னொரு கையில என் தம்பிதானே இருக்கான்?"

"ஆமா. கிழிச்சுக்கிட்டிருக்கேன்."

"அவன்கிட்ட 'நிறுத்து'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"எதை நிறுத்தணும்?"

"அழிக்கிறதை."

"ஏன் நிறுத்தணும்? இன்னும் என் முழங்கால் அப்படியே இருக்கு மேடம்! பழசுலேர்ந்து வருதாம், என் முறை வர நேரமாகுமாம்!"

"சார்..." கத்திரி போனை வாயோடு ஒட்டிக்கொண்டாள். "அதுல எங்கப்பா இருக்கார் சார். அவர் போயிட்டார். வேற படம் இல்ல. அழிஞ்சுக்கிட்டே வருது."

"தம்பி," என்று வக்கீலின் குரல் வேறு பக்கம் திரும்பிக் கேட்டது. அதில் இப்போது வறுவல் இல்லை. "தம்பி, நிறுத்துப்பா. உங்கக்கா சொல்றாங்க. உடனே நிறுத்து."

கத்திரி போனை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தம்பி கூப்பிட்டான்.

"நிறுத்திட்டேன்கா. என்ன விஷயம்?"

"'நான் வந்த வழி' படமெல்லாம் முழுசா எப்படிடா அங்க இருந்துச்சு? நான் வெட்டறதுக்கு முன்னாடியே டிஸ்க்கைக் குடுத்து, நிழலை வெட்டிட்டுப் போடுன்னுதானே சொன்னேன்?"

தம்பி இழுத்தான். "அது... அப்ப ஒவ்வொண்ணா வெட்டச் சோம்பேறித்தனம்கா. கீழ்ப்பக்கம் தெரியாத மாதிரி மொத்தமா ஒரு ஃப்ரேமைப் போட்டு மூடிட்டேன். நீ கவனிக்கல. நானும் மறந்துட்டேன். டிஸ்க்கும் எப்பவோ தொலைஞ்சுடுச்சு. திட்டப்போறியா?"

"இல்லடா."

"திட்ட மாட்டியா? உடம்பு சரியில்லையா உனக்கு?"

"எவ்வளவு பாக்கி இருக்கு, அதைச் சொல்லு."

தட்டும் சத்தம் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணுதான்கா. கடைசிப் படம். பழசை யாரும் தேட மாட்டாங்கன்னு பழசுலேர்ந்து ஆரம்பிச்சேன். மன்னிச்சுடுக்கா."

அவன் அதை அனுப்பி வைத்தான். கத்திரி அதை மூன்று இடத்தில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் திறந்தாள். அம்மாவைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியைத் தானே மாட்டிவிட்டாள்.

ஏதோ ஒரு பெரிய கட்டடத்தின் மாடி. சாயங்கால வெளிச்சம். அம்மா நடுவில், இடுப்பில் கைக்குழந்தையாகத் தம்பி. இரண்டு பக்கமும் பெரியவளும் கத்திரியும். நான்கு பேருக்கும் கண் கூசுகிறது. சிமெண்டுத் தரையில் நிழல் நீண்டு வந்து அம்மாவின் செருப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் விரலை நீட்டி, திரையைத் தொடாமல், நிழலின் ஓரமாகவே கொண்டுபோனாள். தோள். முழங்கை. இடுப்பு. மடங்கிய முழங்காலில் விரல் நின்றது.

"இடது கால்," என்றாள். "லிஃப்ட்டுக்குள்ள நின்னு நின்னு அந்தக் காலைத்தான் ஓய்வுக்கு விடுவார். பஸ் ஸ்டாப்புலயும் இப்படித்தான். முதல் தடவை இவரைப் பார்த்தப்ப, காலு ஊனமோன்னு நினைச்சேன்."

"நிஜமாவா?"

"பாவம்னு உக்கார இடம் குடுத்தேன். உக்காந்தவர் எந்திரிக்கவே இல்ல." அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தாள். "ஒண்ணு... ரெண்டு..." என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கத்திரி அம்மாவின் தோளில் கைவைத்தாள். வருஷக்கணக்கில் நாற்காலிக்கும் மேஜைக்கும் பார்த்துப் பார்த்து நிழல் வரைகிறவளுக்கு, இந்த ஒரு நிழலை வரைந்துகொடுக்க வந்திருக்காது.

அப்போதுதான் அவளும் கவனித்தாள். அம்மாவின் விரல் அப்பாவை விட்டு நகர்ந்து, பக்கத்தில் போய் நின்றிருந்தது.

தரையில் இன்னொரு நிழல் இருந்தது. அப்பாவைவிடக் குட்டை. ஒரு கையை உயர்த்தி, அப்பாவின் தலைக்கு மேலே எதையோ பிடித்துக்கொண்டு, உரசுகிற மாதிரி ஒட்டி நின்றது.

"அம்மா, நாம நாலு பேரும் படத்துல இருக்கோம். இது யாரு?"

அம்மா விரலை எடுத்துக்கொண்டாள்.

"பெரியவளைக் கூப்பிடு."

"அவ எடுக்க மாட்டாம்மா."

"போடுடி. மூணு பேரும் உக்காந்தாத்தான் நான் வாயைத் திறப்பேன்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. விட்டுவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தாள். பல்லைக் குடையும் கருவியின் சத்தம் பின்னால் கீச்சென்று கேட்டது.

"என்ன? இன்னும் வெட்ட ஏதாவது பாக்கி இருக்கா?"

"வெட்டாதது ஒண்ணு கிடைச்சிருக்குக்கா. அப்பா நிக்கிறார். முழுசா."

கீச்சுச் சத்தம் நின்றது.

"பொய் சொல்லாதே."

"சத்தியமா."

"நீயா வரைஞ்சிருப்பே. உனக்குத்தான் கை வருமே."

"இல்லக்கா."

"எந்தக் காலை மடக்கியிருக்கார்?"

"இடது."

பெரியவள் மூக்கை உறிஞ்சினாள். அவளுக்குப் பக்கத்தில் யாரோ 'ஆ... ஆ...' என்று ஏதோ சொல்ல முயன்றார்கள்.

"இருங்க, இன்னும் கொஞ்சம் திறந்தே வைங்க," என்று அந்த ஆளை அதட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். "ஒருத்தர் வாயைத் திறந்துகிட்டு உக்காந்திருக்கார். அவரை அனுப்பிட்டு வரேன். ஏய், கத்திரி."

"ம்?"

"நான் வர்ற வரைக்கும் அதுல கை வைக்காதே."

"வைக்க மாட்டேன்க்கா."

போனை வைத்தபோது கத்திரிக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. பழைய பேரைப் பழைய குரலில் கேட்டு எத்தனை நாளாயிற்று. வக்கீலின் படத்துக்கு முதல் வேலையாகத் தானே ஃப்ரேம் போட்டு, இடுப்புக்குக் கீழே அவர் மானத்தை மூடினாள். கடைக்காரரின் நாற்காலி இன்னும் ஒரு கால் நிழலுக்குக் காத்திருந்தது. காத்திருக்கட்டும்.

திரும்பிப் பார்த்தாள். அம்மா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அப்பாவின் நிழலையும் பார்க்கவில்லை. மற்றதையே பார்த்துக்கொண்டிருந்தாள், நெடுநாள் பேசாத ஒருத்தியை எதிரே கண்டுவிட்ட மாதிரி.

"அம்மா, பிரிண்ட் போடும்போது அப்பாவை மட்டும் தனியா எடுத்துப் போடட்டுமா? இந்த ஓரம் வேண்டாமே. உனக்குச் சங்கடம்னா..."

"வேண்டாம்," என்றாள் அம்மா. சட்டென்று, ஆபரேட்டர் குரலில் இல்லாமல் தன் குரலில். "என் தங்கச்சியை நான் ஒரு தடவை வெட்டினது போதும். அவளும் இருக்கட்டும்."